என் மகன் இடத்துக்கு நானே வெற்றிலை வைத்த விவரம்

செந்திலாண்டவர் துணை

தூத்துக்குடி,
பார்த்திப வருஷம், பங்குனி மாதம்.

கொழும்பில் வியாபாரம் செழிக்க, உடல் சுகத்தோடு வாழும் மைத்துனர் ஸ்ரீ சங்கரபாண்டியன் அவர்களுக்கு, கயிற்றுக்கடை மந்திரமூர்த்தி அநேக மரியாதையுடன் எழுதிக்கொண்டது. தங்கள் வீட்டாரும் குழந்தைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இவ்விடமும் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சௌக்கியத்துக்கு ஒரு குறைவும் இல்லை. தங்கள் தங்கை செல்லத்தாய்தான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு வைக்கிறாள், குழம்பு ஊற்றுகிறாள், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். தங்களுக்குத் தனியே ஒரு கடுதாசி எழுதப்போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாளாம். அது வந்து சேருவதற்கு முன்னால் இது வந்து சேரவேண்டும் என்றுதான் இன்றைய கப்பல் தபாலுக்கு அவசரமாக எழுதுகிறேன். மச்சான், நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். கால்பந்துக் கழகத்தில் நம் செந்தில்வேல் ஆடுகிற வலது ஓரத்து ரைட் அவுட் இடத்தை, பெற்ற தகப்பன் நானே, இன்னொரு பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

தாங்கள் ஊரை விட்டுப் போன பிறகு இங்கே ஏற்பட்ட ஒரு ஒழுங்கை முதலில் சொல்லவேண்டும். பாளையங்கோட்டையில் படிப்பு முடித்து வெளியே வருகிற நல்ல ஆட்டக்காரப் பிள்ளைகளுக்காக நம் ஊர்க் கழகங்கள் வருஷா வருஷம் அடித்துக்கொண்டது போதாதென்று, ஒரு தடவை ஒரு பையனை இரண்டு கழகத்தார் ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து இழுத்ததில் அவன் தோள் பிசகி, யாருக்கும் ஆடாமல் ஊர்போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு கட்டினார்கள். ஒரு கழகத்துக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு கல்லூரிப் பையன். போன வருஷம் கடைசியில் வந்த கழகத்துக்கு முதல் உரிமை. பையன் கையில் நாலு பேர் பார்க்க வெற்றிலை பாக்குக் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. மற்றக் கழகத்தார் அவனை ஏறெடுத்துப் பார்க்கக் கூடாது, கொடுத்த கழகத்தாரும் பிறகு மனசு மாறி வேறு ஆள் தேடக் கூடாது. நம் துறைமுக ஒற்றுமைக் கழகம் போன வருஷம் ஆடிய ஆட்டங்களைப் பற்றி நான் தங்களுக்கு எழுதவில்லை. எழுதும்படியாக ஒன்றும் இல்லை. ஆகவே முதல் உரிமை நமக்கே கிடைத்தது. அதை ஏதோ கேடயமே வாங்கிவிட்டது போல நம்மவர்கள் கடைவீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

நாம் தோற்றதற்கு ரைட் அவுட்தான் காரணம் என்று கழகத்தில் எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். அது என் காதில் விழக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், என் கடையிலேயே, என் கயிற்றுக் கட்டுகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டு தணிந்த குரலில் பேசினார்கள். செந்தில்வேல் ஆட்டத்தில் என்ன குறை? தாங்கள் கொழும்பிலிருந்து அனுப்பிய பூட்ஸை மாட்டிக்கொண்டு அவன் மைதானத்தில் இறங்குகிறபோது லட்சணமாகத்தான் இருக்கும். ஓடுகிறபோது மட்டும் பந்து கொஞ்சம் முன்னால் போய்விடும். அதற்கு அவன் என்ன செய்வான்? பந்து உருண்டையாக இருக்கிறது.

யாரை எடுப்பது என்பதில் கழகம் இரண்டாகப் பிளந்தது. ஒரு கட்சிக்குத் தலைவர் சிலுவை, தோணியை நடத்துகிற தண்டல். தோணியில் ஆட்களை அதட்டிப் பழகிய தொண்டை. காதோடு பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவருக்குப் பெரியதாழைப் பையன் இனிகோதான் வேண்டும். மறு கட்சிக்குக் கப்பல் கம்பெனி குமாஸ்தா கிருபாநிதி. இவர் நாசரேத்துக்காரர், அதனால் நாசரேத் ஜெபசீலனைத் தவிர உலகத்தில் வேறு ஆட்டக்காரன் பிறக்கவில்லை.

"அண்ணாச்சி, இனிகோ கடல் மணல்ல ஓடிப் பழகுனவன். அவனப் புல்லுல விட்டா நிக்கவா செய்வான்?" என்பார் சிலுவை.

"நிக்க மாட்டான், வாஸ்தவம். பந்த இங்கன விட்டுட்டு அவன் மட்டும் போயிருவான்," என்பார் கிருபாநிதி. "ஜெபசீலனப் பாக்கணும் நீங்க. ரெண்டு பேரு மேல விழுந்தாலும் ஆள் அசைய மாட்டான்."

"அசையாதவன் எதுக்குவே நமக்கு? தோணி கட்டுத குத்தியா நட்டு வைக்கவா?"

"இனிகோ பூட்ஸ் போட மாட்டானாமே. மழை பெஞ்சா என்ன செய்வான்?"

"மழைய நீரு பாத்திருக்கீரா இந்த ஊர்ல?"

இப்படியே மாசிக் கொடையிலிருந்து பங்குனி வரைக்கும் கடையில் இதே பேச்சு. கயிறு வாங்க வந்தவர்களும் கயிற்றை மறந்துவிட்டுக் கட்சி சேர்ந்தார்கள். நாடார் கடைக்காரன், சிலுவையின் மாதா கோவிலும் இல்லை கிருபாநிதியின் சபையும் இல்லை, ஆகவே மந்திரமூர்த்தி அண்ணாச்சி நடுநிலை என்று என்னை மத்தியஸ்தனாக வைத்தார்கள். ரைட் அவுட்டின் தகப்பன் எப்படி நடுநிலை ஆவான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, நான் சொல்லவில்லை. சிலுவை வந்தால் இனிகோவைப் போல உண்டா என்பேன். கிருபாநிதி வந்தால் ஜெபசீலனை விட்டால் கதி ஏது என்பேன். சண்டை இப்படியே நீண்டு, ஆள் எடுக்கப் பங்குனிக் கடைசி என்று வைத்திருந்த கெடு தாண்டிவிட்டால் யாரையும் எடுக்க முடியாது, பிள்ளை தன் இடத்தில் தப்பித்துக்கொள்வான் என்பது என் கணக்கு. செல்லத்தாய்க்கும் இது தெரியும். அப்போதெல்லாம் அவள் என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

கடைசியில், கல்லூரியை விட்டுப் போகிற பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடுகிற ஆட்டம் ஒன்று பாளையங்கோட்டையில் நடக்கிறது, இரண்டு பேரையும் ஒரே மைதானத்தில் பார்த்துவிடலாம் என்று சிலுவையும் கிருபாநிதியும் என்னை ரயிலேற்றிவிட்டார்கள். நல்லவேளையாகச் செந்தில்வேல் கயிறு வாங்கக் குளச்சலுக்குப் போயிருந்தான். வழிக்கு வேண்டுமே என்று செல்லத்தாய் ஆத்தூர்க் கொழுந்து வெற்றிலையும் களிப்பாக்கும் மடித்துக் கொடுத்தாள். இரண்டு பேரிலும் குறை கண்டுபிடித்துக்கொண்டு வருவது என்று தீர்மானம் பண்ணித்தான் போனேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஜெபசீலன் ஒரு கோல் போட்டான். வலை கட்டியிருந்த கம்பே ஆடிற்று. கிருபாநிதி குடையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "கனத்த உடம்பு, வெயிலுக்குத் தாங்காது," என்றேன் நான். இனிகோவோ ஓரமாக இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான். ஒல்லிப் பையன், கறுத்த கால், மாமியார் வீட்டுக்கு வந்தவன் போல ஒரு கூச்சம். "இவனா?" என்று சிலுவையைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் பரம திருப்தி.

பிறகு பந்து இனிகோவின் காலுக்கு வந்தது. மச்சான், ஒழுங்காக ஞாபகம் இருப்பது அவ்வளவுதான். முதல் ஆள் அவன் மேல் பாய்ந்தான். பாய்ந்த இடத்தில் இனிகோ இல்லை. விலகியதாகவும் தெரியவில்லை, வளைந்ததாகவும் தெரியவில்லை. இரண்டாவது ஆள் குறுக்கே வந்தான், வந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பந்து இனிகோவின் காலை விட்டு ஒரு சாண் கூடப் போகவில்லை, ஆனால் அவன் அதைத் தொடுவதையும் நான் பார்க்கவில்லை. கடலை விற்கிறவன் கூவுவதை நிறுத்திவிட்டான். அவ்வளவு பெரிய கூட்டத்தில், வெறுங்கால் புல்லில் படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்போது ஜெபசீலன் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து கதவைச் சாத்துவது போல முன்னால் நின்றான். இனிகோ நின்றான். ஜெபசீலனும் நின்றான். மைதானமே நின்றது. அடுத்தபடி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜெபசீலனின் முதுகுக்குப் பின்னால் இனிகோ போய்க்கொண்டிருந்ததுதான். ஜெபசீலன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, எதிர்க்கட்சி என்பதை மறந்து கைதட்டினான். பந்து வலைக்குள் மெதுவாக உருண்டு போயிற்று.

துறைமுகத்தில் பெரிய பெரிய கப்பல்கள் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன், கடலில் மூழ்கி மூச்சடக்கி முத்தோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு மனுஷப் பிள்ளைக்கு இவ்வளவு அழகாக ஓட வருமா என்று கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் பார்த்தால் நான் கோலுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். எங்கள் இடம் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு எதிரே இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் கோட்டோரமாக அவன் கூடவே ஓடியிருக்கிறேன், மச்சான்! வாயிலிருந்த வெற்றிலைச் சாறு சட்டையெல்லாம் வழிந்திருந்தது. அந்தப் பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு என் எதிரே வந்து நின்றான். அவனுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் போல இருந்தது. கை இடுப்புக்குப் போயிற்று. அங்கே இருந்தது செல்லத்தாய் மடித்துக் கொடுத்த வெற்றிலையும் பாக்கும்தான். எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். "ரொம்ப உபகாரம் ஐயா," என்று வாங்கி, வாயில் போட்டு மென்றுகொண்டே அவன் திரும்ப ஆடப் போய்விட்டான்.

"வெத்தல கைமாறிட்டு!" என்று சிலுவை போட்ட சத்தம் தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். எதிர்க் கழகத்து ஆட்களும் அங்கேதான் நின்றிருந்தார்கள். வெற்றிலை கொடுக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. கிருபாநிதி சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு, "அண்ணாச்சி, நானும் அதத்தான் செஞ்சிருப்பேன், எங்கிட்ட வெத்தல இல்ல," என்றார். ரயிலில் திரும்புகிறபோதுதான் எனக்குச் செந்தில்வேல் ஞாபகம் வந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். செல்லத்தாய் கடைசியாக என்னோடு பேசியது அப்போதுதான். "நான் மடிச்சுக் குடுத்த வெத்தலய வச்சே எம்புள்ள வாயில மண்ணப் போட்டுட்டீங்களே, ஊரான் புள்ள அவ்வளவு ஒசத்தியாப் போச்சோ?" என்றாள். நியாயமான கேள்வி. உசத்திதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் பிள்ளைக்குப் பந்தைத் தவிர வேறு நினைப்பு கிடையாது என்பது தங்களுக்கும் தெரியும். ராத்திரி தூக்கத்தில்கூடக் காலை உதைப்பான். குளச்சலிலிருந்து அவன் வந்து, "இந்த வருஷம் யாரப்பா எடுத்தீங்க?" என்று கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்? ஆகவே தாய்மாமனாகிய தாங்கள்தான் காப்பாற்ற வேண்டும். கடைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டியிருக்கிறது, உடனே புறப்பட்டு வா என்று தாங்களாக அவனுக்கு ஒரு கடுதாசி போடவும். அங்கே கொஞ்ச காலம் இருந்தால் அவன் மனசு ஆறும். நான் சொன்னதாக மட்டும் எழுதவேண்டாம்.

தங்கள் வியாபாரம் மேன்மேலும் பெருகவும், குழந்தைகள் நோய் நொடி இல்லாமல் வளரவும் செந்திலாண்டவரை வேண்டிக்கொள்கிறேன். செல்லத்தாயும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள் என்று எழுத ஆசைதான்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
மந்திரமூர்த்தி.

பின்குறிப்பு: மேலே கேட்டிருப்பது ஒன்றையும் தயவுசெய்து செய்யவேண்டாம். கடுதாசியை ஒட்டப் போகிற சமயத்தில் செந்தில்வேல் வந்து சேர்ந்தான். நாகர்கோவிலிலேயே யாரோ விஷயத்தை அவன் காதில் போட்டிருக்கிறார்கள். இவன் வண்டிக்காரனைக் கயிற்றோடு முன்னால் அனுப்பிவிட்டு, தன் இடத்தைப் பிடித்தவன் எப்படி இருக்கிறான் பார்க்கலாம் என்று நேரே பெரியதாழைக்குப் போயிருக்கிறான்.

"அடிக்கணும்னுதான்ப்பா போனேன்," என்றான். "அவன் கடக்கரையில பந்து வெளயாடிக்கிட்டு நின்னான். என்னயும் கூப்பிட்டான். பொழுது சாயிற வரைக்கும் ஆடுனோம். ஒரு தடவகூட என்னால பந்தத் தொட முடியலப்பா." அதைச் சொல்லும்போது அவன் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும், கேடயத்தை வாங்கியவன் முகம் போல இருந்தது. உடனே தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டான். இனிகோ பிறந்தபோதே அவன் தாய் மாதாவுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளையாம். படிப்பு முடிந்ததும் சாமியாராகப் போகிறதென்று எப்போதோ முடிவான விஷயமாம். அடுத்த வாரம் சாமியார் படிப்புக்குக் குருமடத்துக்குப் புறப்படுகிறான். வெற்றிலைக்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. யாரோ பெரியவர் களைப்புக்குக் கொடுத்தார் என்று நினைத்தானாம். சிலுவைக்குச் சொல்லியனுப்பினேன். கடைக்கு வந்து உட்கார்ந்தவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஜெபசீலனை நேற்றே எதிர்க் கழகத்தார் கொண்டுபோய்விட்டார்கள். நமக்கு இந்த வருஷம் வேறு ஆளும் கிடையாது. ரைட் அவுட் செந்தில்வேலேதான்.

செல்லத்தாய் சுவரை விட்டுத் திரும்பி, "அதான் எம்புள்ள எடம் எம்புள்ளைக்கே வந்துட்டுல்லா, அப்பனும் மவனும் ஏன் எழவு விழுந்த மாதிரி இருக்கிய?" என்று கேட்டாள். ஆகவே மச்சான், கடையில் இடம் பார்க்கவேண்டாம். தங்களுக்கு அங்கே வேதக்காரக் கிறிஸ்தவ வியாபாரிகள் நல்ல பழக்கமாயிற்றே, குருமடத்தில் சாயங்கால வேளையில் பிள்ளைகளைப் பந்து விளையாட விடுவார்களா என்று மட்டும் விசாரித்து மறு தபாலில் எழுதவும். விடுவார்கள் என்றால், அது எந்த ஊராக இருந்தாலும் சரி, நானும் செந்தில்வேலும் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்.