குடிலுக்குப் போட்ட பனியன் திரை

திருப்பூர்க்காரர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு துணிதான் உண்டு. அது பனியன் துணி. எங்கள் வீட்டில் தலையணை உறை, பைக் துடைக்கும் துணி, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் துணி, ஊஞ்சலுக்கு மெத்தை என்று எல்லாமே அதுதான். தறியில் நெய்த துணி என்றால் அப்பாவின் வேட்டி, அம்மாவின் சேலை, அவ்வளவுதான். அவையும் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள் மாதிரி பீரோவுக்குள் மரியாதையாக இருக்கும். இப்படி வளர்ந்த ஒருத்தியிடம் பள்ளிக்கூடத்துத் திரைச்சீலையை நம்பி ஒப்படைத்தது சிஸ்டர் ஆரோக்கியத்தின் தவறு என்றுதான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் ஒத்துக்கொள்ளாததால் இப்போது நிறுத்திவிட்டேன்.

அப்போது நான் அந்தக் கத்தோலிக்கப் பள்ளியில் தற்காலிகக் கணக்கு டீச்சர். சிஸ்டர் ஆரோக்கியம் தலைமை ஆசிரியை. கிறிஸ்துமஸ் விழாவுக்குச் சிஸ்டர்களுடைய சபையின் மாநிலத் தலைவி வருகிறார், எல்லோரும் அவரை மதர் என்றுதான் கூப்பிடுவார்கள், என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அவர்தான் முடிவு செய்வார் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று மதர் சொல்லிவிட்டால் எனக்காக அப்பாவின் பனியன் கம்பெனியில் ஒரு நாற்காலி காத்திருந்தது. செக்கிங் செக்‌ஷனில் உட்கார்ந்து டி-ஷர்ட்டில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் நாற்காலி. எனக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் பிடித்திருந்தது. அந்த நாற்காலியை நினைத்தாலே அழுகை வந்தது.

ஆகவே மதர் மெச்சும்படி ஏதாவது செய்துவிட வேண்டும் என்று துடித்தேன். நாங்கள் தலைமுறை தலைமுறையாக முருகனைக் கும்பிடுகிறவர்கள். காவடி பற்றி என்ன கேட்டாலும் சொல்வேன், கிறிஸ்துமஸ் பற்றி கேக் தவிர எதுவும் தெரியாது. (காலை ஜெபத்தில் சிலுவை அடையாளம் போடப் போய்ப் பக்கத்தில் நின்ற தமிழ் டீச்சரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்ட பெருமை எனக்கு உண்டு.) அந்த நேரம் பார்த்து, குடிலுக்குப் போடும் பழைய வெல்வெட் திரையை எலி கடித்துவிட்டது. புதுத் திரைக்கு என்ன செய்வது என்று சிஸ்டர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன்.

அந்தத் திரையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழாவின் உயிரே அதுதான். மேடையில் இயேசு பிறந்த மாட்டுத்தொழுவம் மாதிரி பெரிய குடில் கட்டி, முதல் நாள் சாயங்காலம் குழந்தை இயேசுவின் சுரூபத்தை உள்ளே வைத்துத் திரையை மூடிவிடுவார்கள். அதன்பிறகு மறுநாள் மணி அடிக்கும்வரை யாரும் அதைத் திறக்கக் கூடாது, சிஸ்டர்கள் உட்பட. விழாவில் மணி அடிக்கத் தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கும், பாட்டு ஆரம்பிக்கும், திரை இரண்டு பக்கமும் விலகும், குழந்தை தெரியும். திரை முழுசாகத் திறக்கும்வரை மணியும் நிற்கக் கூடாது, பாட்டும் நிற்கக் கூடாது, கூட்டமும் உட்காரக் கூடாது. வேஷம் போட்ட பிள்ளைகள் பின்வழியாக வந்து குடிலில் நின்றிருப்பார்கள், சிறப்பு விருந்தினர் மேடையில் திரைக்கு முன்னால் ஒரு ரோஜாவோடு நிற்பார். திறந்ததும் அதைக் குழந்தையின் காலடியில் வைப்பார்.

அப்பா சாயப்பட்டறைக்காக அருள்புரம் போயிருந்த நேரத்தில் நான் குடோனுக்குள் புகுந்தேன். மூலையில் மெரூன் நிறத்தில் ஒரு ரோல் இருந்தது. லைக்ரா கலந்த ஜெர்சி துணி, ஷேடு மாறிப்போனதால் ஆர்டரில் கழித்துவிட்டது. பளபளவென்று ராஜா வீட்டுத் திரை மாதிரி இருந்தது. கம்பெனி டெய்லரைப் பிடித்து அதை இரண்டு பாதியாக ஓவர்லாக் அடித்து வாங்கி, மேல் ஓரத்தில் பழைய திரையின் இரும்பு வளையங்களைத் தைக்கச் சொன்னேன். அவர் என்னவோ சொல்ல வந்தார். முதலாளி பெண்ணிடம் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் மாட்டியபோது திரையின் அடி, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. சிஸ்டர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார். காலையில் வந்து பார்த்தால் அது தரையில் குவிந்து கிடந்தது. தன் கனத்தில் தானே இழுபட்டு ராத்திரி முழுக்க வளர்ந்திருக்கிறது. அடியைக் கத்தரித்தேன். மதியம் மறுபடியும் தரையைத் தொட்டது. மறுபடியும் கத்தரித்தேன். வெட்டிய ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி மேலே சுருண்டுகொண்டது. அது சுருளாமல் இருக்க ஓரத்தில் கூழாங்கற்களைக் கட்டித் தொங்கவிட்டேன். (கணக்கு டீச்சர்தான். கனம் கூடினால் நீளும் என்பது அறிவியல் டீச்சரின் இலாகா என்று நினைத்திருக்கலாம்.) இழுத்துப் பார்க்கத்தான் வழியில்லை, மணி அடிக்கும்வரை திறக்கக் கூடாதே.

விழா தொடங்கியது. முன்வரிசைக்குப் பின்னால் அப்பா வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். திரையின் இடது பாதியின் கயிறு என் கையில். வலது பாதியின் கயிறு பி.டி. மாஸ்டர் அந்தோணியின் கையில். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கயிறு இழுக்கும் போட்டியில் மாவட்ட அளவில் ஜெயித்தவர். அவர் இழுத்தால் சுவரே வரும் என்பது பள்ளியின் நம்பிக்கை. மதர் ரோஜாவோடு திரைக்கு முன்னால் போய் நின்றார். ஒல்லியான உருவம், சிரிப்பே தெரியாத முகம். மணி அடித்தது.

இழுத்தேன். துணி தாராளமாக வந்தது. ஆனால் திரை திறக்கவில்லை. பழைய வெல்வெட் விறைப்பானது, இழுத்தால் மேலே இருக்கும் வளையங்களையும் கூட்டிக்கொண்டு வரும். என் துணியோ வளையங்களைத் துருப்பிடித்த கம்பியிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் கிளம்பி வந்தது. நடுவில் மீன் வாய் மாதிரி ஒரு திறப்பு. அதற்குள் மாதாவின் கணவர் சூசையப்பராக வேஷம் போட்ட பையனின் தாடியும் ஒரு கண்ணும் தெரிந்தன. கை வலித்து நான் கொஞ்சம் விட்டதும் வாய் மூடிக்கொண்டது. சூசையப்பர் மறைந்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. கூட்டம் நின்றது. மதர் நின்றார். எதிர்ப் பக்கத்திலிருந்து அந்தோணி மாஸ்டர் தாழ்ந்த குரலில் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன டீச்சர் இது, இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருக்கு, தொறக்க மாட்டேங்கு?"

"விடாதீங்க மாஸ்டர், இன்னுங் கொஞ்சந்தானுங்க" என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மாஸ்டர் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார். உடம்பைச் சாய்த்துப் பின்னால் நடந்தார். மேடையின் ஓரத்தைத் தாண்டினார், பக்கவாட்டு வாசலைத் தாண்டினார், வராந்தா படியில் இறங்கி மைதானத்துக்கே போய்விட்டார். துணியும் அவர் பின்னாலேயே போனது. பாட்டு மூன்றாவது முறை தொடங்கியிருந்தது. மணி அடித்த பெண்ணுக்குக் கை மாற்றிவிட இன்னொருத்தி ஓடினாள். நான் முருகனைக் கூப்பிட்டேன், பிறகு இடம் பொருள் உணர்ந்து மாதாவையும் கூப்பிட்டேன். இருவரில் யார் ஏற்பாடு என்று தெரியவில்லை, மைதானத்து ஈர மண்ணில் மாஸ்டரின் கால் வழுக்கியது. இடுப்புக் கயிறு அவிழ்ந்தது.

போன துணி அத்தனையும் ரப்பர் மாதிரி ஒரே பாய்ச்சலில் திரும்பியது. மேலே தையல் டர்ரென்று பிரிந்தது, வலது பாதி முழுவதும் எழும்பி மதரின் மேல் விழுந்தது. தலையிலிருந்து கால்வரை மெரூன். அதே நொடியில் குடில் திறந்துகொண்டது, குழந்தை தெரிந்தது, விளக்குகள் எரிந்தன. கூட்டம் கைதட்டியது.

முதலில் சுதாரித்தது முன்வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்புதான். குழந்தையைப் பார்க்க ஒட்டகத்தில் வந்த மூன்று அரசர்கள் நிற்கிறார்கள், பக்கத்தில் மெரூன் நிறத்தில் உயரமாக ஏதோ அசைகிறது, உச்சியில் திமில் மாதிரி ரோஜாவைப் பிடித்த கை துருத்திக்கொண்டிருக்கிறது. ஒட்டகம் வந்துவிட்டது என்று பிள்ளைகள் கூவினார்கள். மூன்று அரசர்களில் ஒருவன் மிகவும் பொறுப்பான பையன். மேடையில் எது நடந்தாலும் நிறுத்தாமல் நடிக்க வேண்டும் என்று அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவன் துணியின் நுனியைப் பிடித்து, மதரை மெதுவாகக் குடில்வரை நடத்திக் கொண்டுபோய் நிறுத்தி, முதுகில் இரண்டு தட்டும் தட்டிக்கொடுத்தான்.

சிஸ்டர் ஆரோக்கியம் ஓடிவந்து துணியை விலக்கினார். அது விலகாமல் நீண்டது, அதைத் தனியாக விவரிக்க வேண்டாம். கடைசியில் மதர் வெளியே வந்தார். முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. கசங்கிய ரோஜாவைக் குழந்தையின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். துணி யார் கொண்டுவந்தது என்று கேட்டார். யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மனசுக்குள் செக்கிங் செக்‌ஷன் லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

அன்று விழா முடிந்ததும் மதர் சிஸ்டரிடம் மட்டும் ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். நான் அப்பாவின் வண்டியில் போனேன். வீடு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏங்கண்ணு, ஒரு வார்த்த கேட்டிருந்தா இழுத்தா நீளாத காடாத் துணி வாங்கிக் குடுத்திருப்பனே" என்றார். அவ்வளவுதான், நான் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

விடுமுறை முடிந்து போனபோது சிஸ்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். விடைபெற்றுக்கொள்ள வார்த்தைகள் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். மதர் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்: "அந்த டீச்சர் இருக்கட்டும். ஒட்டகமும் இருக்கட்டும், பிள்ளைங்க அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனா அடுத்த வருஷம் உள்ள வேற ஆளைப் போடுங்க."

சொல்லும்போது மதர் சிரித்தாரா என்று கேட்டேன். காரில் ஏறிக் கதவைச் சாத்தியபிறகு அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது போல இருந்தது என்றார் சிஸ்டர்.

அதன்படி நான் இன்றும் அங்கேதான் கணக்கு நடத்துகிறேன். துணி சம்பந்தமான எந்தப் பொறுப்பும் எனக்குக் கிடையாது, கரும்பலகை துடைக்கும் டஸ்டர்கூட வேறு டீச்சர்தான் வாங்குவார். அந்த மெரூன் துணிக்குள் இரண்டு பிள்ளைகள் புகுந்து ஒட்டகமாக வருவது இப்போது எங்கள் பள்ளியின் வழக்கமாகிவிட்டது. புதிதாக வரும் சிஸ்டர்கள் இது ஏதோ பழைய ஐரோப்பிய மரபு என்று நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் திருத்துவதில்லை.

இந்த வருடம் அந்த வேஷம் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கிடைத்திருக்கிறது. முன்னங்கால்கள். வீட்டுக்கு வந்ததும், ஸ்கூலிலேயே முதன்முதலில் ஒட்டகமாக இருந்தது யார் என்று கேட்டாள். மதர் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துத் தாத்தாவிடம் ஓடினாள்.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நெசந்தான் கண்ணு, நாங் கண்ணால பாத்தேன்" என்றார். "என்ன, அந்த ஒட்டகத்துக்கு ரெண்டு காலுதான்."