பூட்டிய கழிப்பறையும் சாவி டீச்சரும்

மும்பையில் பூட்டுக்கு ஜென்மப் பகை என்று ஒரு ஜீவன் உண்டென்றால் அது எங்கள் சாவி டீச்சர்தான். பூட்டிய கதவு ஒன்றைக் கண்டுவிட்டால் அந்த அம்மாவுக்குச் சோறு இறங்காது. பூங்கா, வாசகசாலை, எதுவானாலும் முன்னால் போய் நின்றுகொள்வார். "யார் பூட்டினா? எதுக்குப் பூட்டினா? சாவி யார்ட்ட இருக்கு?" பதில் வராமல் நகரமாட்டார். பூங்கா வாட்ச்மேன், "முஜே நஹி மாலூம் மேடம்" என்று, தனக்குத் தெரியாது என்பதையே சொல்லிச் சொல்லி அலுத்து, அவர் குடை தெரிந்தாலே டீ குடிக்கப் போய்விடுவார்.

டீச்சர் மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு வந்து, எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தினார். சொந்தப் பெயர் என்னவோ ஒன்று இருந்தது; யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சமூக அறிவியலுக்கு நம்மிடம் என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். பரீட்சை நெருங்கினால் முதலில் வெட்டுப்படும் ஆடு அதுதான். கணக்கு வாத்தியார் மாமியார் வீட்டுக்கு வருவதுபோல வந்து அந்தப் பீரியடில் உட்கார்ந்துகொள்வார். பெற்றோர் மட்டும் லேசுப்பட்டவர்களா? "கம்ப்யூட்டர் படிச்சா ஐரோலி ஐடி கம்பெனில போயி ஏசில உக்காரலாம். சோசியல் படிச்சா வாய்தான் நீளும்" என்று சந்து முழுக்க ஒரே பாட்டு. வாய் நீளாத பிள்ளைகளை வளர்த்துத்தான் இந்த லட்சணத்தில் இருக்கிறோம்.

ஒரு பரீட்சையில், பொதுக் கழிப்பறை குறித்துக் குடிமக்களின் கடமை யாது என்று கேள்வி. என் மகள் செல்வி, 'திறந்துவிட்டால் சுத்தமாக வைத்திருப்போம்' என்று எழுதினாள். டீச்சர் முழு மதிப்பெண் போட்டார். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுக் கண்டித்தார்.

"புஸ்தகத்துல இப்படி இல்லையே மேடம்?"

"கக்கூசும் புஸ்தகத்துல இருக்கறாப்ல இல்லையே சார்."

நிஜம்தான். எங்கள் சந்துக் கழிப்பறையில் பெண்கள் பக்கம் பூட்டிக் கிடந்தது. ஏரியா தலைவரின் மைத்துனர் தன் கேட்டரிங் அண்டாக்களை அதற்குள் அடுக்கி வைத்திருந்தார். அந்த அண்டாவில் வெந்த பிரியாணியைத்தான் ஊர்க் கல்யாணங்களில் நாங்கள் புகழ்ந்து சாப்பிட்டோம்.

பெண்கள் அடுத்த சந்துக்குப் போய், வரிசையில் தண்ணீர் டப்பாவை வைத்து இடம்பிடித்துக் காத்திருக்க வேண்டும். பள்ளிக்குப் போகிற பெண்பிள்ளைகள் இதற்குக் கண்ட வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. செல்வி வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். சிறுநீரில் கிருமி, இப்படியே விட்டால் கிட்னி கெட்டுவிடும் என்றார் டாக்டர். எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே தலைவரிடம் போனேன்.

அவர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "பாப்பம்யா. அம்புட்டு அண்டாவையும் எங்க கொண்டு வைக்க, நீரே சொல்லும்."

டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வந்து செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பள்ளி ஆண்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினர், சாட்சாத் அந்தத் தலைவர்; பக்கத்து நாற்காலியில் மைத்துனர். எட்டாம் வகுப்பு மாணவியரின் கோலாட்டம் என்று அறிவித்தார்கள். திரை விலகினால் கோலையும் காணோம், ஆட்டத்தையும் காணோம். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து ஒரு டப்பாவை வைத்துவிட்டு நின்றார்கள். வரிசை மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் தலைவர் நாற்காலிவரை நீண்டது. குணமாகி வந்திருந்த செல்வி கடைசி டப்பாவை அவர் காலடியில் வைத்தாள்.

"இது ஒங்களுக்கு மாமா. எங்களுக்குப் பொறவு ஒங்க நம்பர். எந்திரிச்சிராதீங்க, நம்பர் போயிரும்."

தாய்மார்கள் பக்கம் முதலில் சிரிப்பு கேட்டது, பிறகு கூச்சல். தலைவர் வியர்த்துப்போய், "எவம் எழுதிக் குடுத்த டிராமா இது?" என்றார்.

டீச்சர் எழுந்தார். "டிராமா இல்லை சார். உள்ளாட்சிப் பாடம். சாவி யார்ட்ட இருக்கு?"

அத்தனை பெண்களும் மைத்துனரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது.

அன்று மாலையே அண்டாக்கள் வெளியேறின. அடுத்த வாரம் தலைவர் வெட்கமே இல்லாமல் தன் படம் போட்ட பேனர் கட்டி, ரிப்பன் வெட்டிக் கழிப்பறையைத் திறந்துவைத்தார். அதே வாரம், பாடத்திட்டத்தை மீறியதாகச் சொல்லி டீச்சரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பாடத்தை ஒழுங்காக நடத்தினால் அதற்குப் பெயர் மீறல். பெற்றோர் சிலர் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்தினோம். மேலிடத்து உத்தரவு என்றார். எந்த மேலிடம் என்று கேட்டால் மனிதர் மின்விசிறியைப் பார்க்கிறார். சோசியல் பீரியடில் இப்போது கணக்கு நடக்கிறது.

டீச்சர் விக்ரோலிப் பக்கம் டியூஷன் எடுக்கிறாராம். அங்கே அவர் கேள்வியில் மாட்டி யார் யார் என்ன பாடுபடுகிறார்களோ. செல்வி இப்போதெல்லாம் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த அம்மா எங்கிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.