பன்னிரண்டு வீட்டுச் சாவி

இந்த உலகத்தில் எதையுமே ஒரே இடத்தில் வைக்காத மனிதர் எங்கள் அரூர் தெருவின் செயின் அண்ணன் ஒருவர்தான். செருப்பில் ஒன்றைக் கடையிலும் இன்னொன்றை வீட்டிலும் கழற்றுவார் என்று தெருவே சொல்லும். கழுத்தில் செயின் கிடையாது. தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிளாக்செயின் பற்றிப் பேசியதால் வந்த பெயர்.

என் பாப்பா முதன்முதலாக நடந்த வீடியோ என் போனில் இருந்தது. அவள் அப்பா ராணுவத்தில், சிக்னல் இல்லாத மலையில். லீவில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து காட்டலாம் என்று வைத்திருந்தேன். போனோ நிரம்பி, திணறிக்கொண்டிருந்தது. பயந்துபோய் அண்ணனிடம் ஓடினேன்.

“ஒரே கம்பெனிகிட்ட குடுத்து, அவன் கடையப் பூட்டிட்டுப் போயிட்டா? பிளாக்செயின்ல வீடியோவத் துண்டு துண்டா வெட்டி, ஊர் உலகத்துக் கம்ப்யூட்டர்லயெல்லாம் போட்டு வெப்பாங்க தங்கச்சி. உங்க சாவி இல்லாம ஒருத்தனும் பாக்க முடியாது.”

“துண்டு துண்டாவாங்கண்ணா?” போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

இப்படித் துண்டு போட்டு வைத்துக்கொடுக்கும் மூன்று கம்பெனிகளை ஒப்பிட்டார். மூன்றிலும் ஒரே படத்தைப் போட்டு, திரும்ப எடுக்கும்போது டீ சொல்வார். முதல் கம்பெனி ஒரு டீ குடிப்பதற்குள் கொடுத்துவிட்டது. இரண்டாவதற்கு டீயோடு வடையும் தேவைப்பட்டது. தவணை முடிந்து புதுப்பிக்காவிட்டால் படமும் போய்விடுமாம். மூன்றாவதில் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. ஆனால் போட்டது காலத்துக்கும் அழியாது.

“அழிக்கவே முடியாதுங்களா? பாப்பா ஜட்டியோட நடக்கறாங்கண்ணா! நாளைக்குக் கலெக்டரானா?”

“கலெக்டரும் ஜட்டி போட்டு நடந்தவங்கதான் தங்கச்சி.”

மூன்று நாள் யோசித்து, முதல் கம்பெனியிலேயே போட்டோம். சாவியாகப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்தன. வரிசையாகச் சொன்னால்தான் திறக்கும். தொலைத்தால் கம்பெனிக்காரனாலும் திறக்க முடியாது. நோட்டை எடுத்தேன். அண்ணன் பிடுங்கினார்.

“ஒரே நோட்டுலயா? அப்புறம் பிளாக்செயின் எதுக்குங்க?”

வீட்டுக்கொரு சொல்லாகத் தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்கு வரிசையாகக் கொடுத்தார். மனசு கேட்கவில்லை, ஆனாலும் சொன்னபடி போனிலிருந்து வீடியோவை அழித்தேன்.

இரண்டு மாதத்தில், பாப்பாவின் அப்பா மலையிலிருந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போன் செய்தார். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சொல் கேட்டேன். பதினொன்று கிடைத்தன. ஐந்தாம் வீட்டு பாத்திமா அக்கா கையைப் பிசைந்தார்.

“காலண்டருக்குப் பக்கத்துல செவுத்துல பென்சில்ல எழுதி வெச்சிருந்தேன்மா. ரம்ஜானுக்கு வூடு பெயின்ட் அடிச்சோம்ல!”

சுவர் இளம்பச்சையில் பளபளத்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

அண்ணன் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். அந்தச் சொற்களெல்லாம் ஒரே பட்டியலில் இருப்பவையாம். மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம். ‘ஏ’யிலிருந்து ஒவ்வொன்றாக ஐந்தாம் இடத்தில் போட்டுப் பார்த்தார். மணிக்கொரு தரம் போய் நின்றேன்.

“கெடச்சுதாங்கண்ணா?”

“‘எம்’ல இருக்கேன் தங்கச்சி. நீங்க போய்ச் சாப்பிடுங்க.” அவர் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பட்டியலின் வாலில் சிக்கியது. ஜீப்ரா.

“ஆமா தம்பி, கோடு போட்ட மிருகம்!” என்றார் கடைக்கு ஓடிவந்த பாத்திமா அக்கா.

“மிருகம்னு முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?” என்றேன்.

“நீ வார்த்தையத்தான கேட்ட? மிருகமான்னு கேக்கலையே!”

வீடியோ திறந்தது. பாப்பா ஓரடி வைத்தாள். இரண்டாவது அடியில் தள்ளாடினாள். விழமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. “பாத்து, பாத்து!” என்று பதறி, இரண்டு கைகளையும் கம்ப்யூட்டருக்கு அடியில் ஏந்திக்கொண்டு நின்றார்.