இதயத்தின் நான்கு அறைகளும் ஒரு பருப்புச் சட்டியும்

பயிற்சிப் பட்டறையில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டுச் சான்றிதழோடு திரும்பிவரும் ஆசிரியரைவிட ஆபத்தான பிராணி ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்க முடியாது. இதை நான் அடித்துச் சொல்வேன். அந்தப் பிராணியாக நானே பத்து நாள் திரிந்திருக்கிறேன்.

ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் வீதியில், ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞான ஆசிரியை. இது நடந்தபோது வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பாடத்துக்கு இணையம், ஒலி, வீடியோ இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பட்டறை வைத்தார்கள். அதில் கழுத்தில் மாட்டிவிட்ட அடையாள அட்டையை நான் வீடு வரும்வரை கழற்றவில்லை. (வீட்டிலும் கழற்றவில்லை. "சோத்துல விழுவுது, கழட்டு" என்று என் கணவர் சொன்ன பிறகுதான் கழற்றினேன்.)

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "இனிமே சோக்குக் கட்டிக்கெல்லாம் வேலையே இல்லீங்க" என்று அறிவித்தேன். சொன்னதோடு நிற்கவில்லை. ஒன்பதாந் தர வகுப்பிலிருந்த வெண்கட்டிப் பெட்டியை எடுத்து அங்கிருந்த அலுமாரியின் உச்சியில் வைத்துவிட்டேன்.

எங்கள் அதிபர் சந்தனம் சேர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். எதைச் சொல்வதானாலும் ஒருமுறை தொண்டையைச் செருமி, "அதாவது வந்து பாத்தீங்கன்னா" என்று தொடங்குவார். அந்த வாரம் என்னைக் கூப்பிட்டு, "அதாவது வந்து பாத்தீங்கன்னா டீச்சர், நம்ம கல்வி வலயத்துக்கு ஒரு ஸ்மார்ட் போர்ட் வந்திருக்கு. ஒண்ணே ஒண்ணு. நம்ம பேரும் இருக்கு, டவுன் பள்ளிக்கூடத்துப் பேரும் இருக்கு. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆசிரிய ஆலோசகர் வந்து பாடம் பாப்பாங்களாம்" என்றார்.

அந்த ஸ்மார்ட் போர்டுக்காக அவர் இரண்டு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் கொழும்புப் பிள்ளைகள் எழுதும் அதே பரீட்சையைத்தான் எழுத வேண்டும். ஆனால் எங்களிடம் ஒரு நுணுக்குக்காட்டி கூட ஒழுங்காக இல்லை.

"நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க சேர். நா பாத்துக்கிறேன்" என்றேன்.

"இன்டர்நெட் கிடைக்குமா டீச்சர்?"

"கிடைக்கலன்னாலும் வேற வழி வச்சிருக்கேன் சேர்."

அந்த வேறு வழிதான் என்னைக் கவிழ்த்தது.

பாடம், மனித இதயம். இணையத்தில் இதயம் துடிப்பதைக் காட்டும் அருமையான அசையும் படம் ஒன்று இருந்தது. அது கிடைக்காமல் போனால் நானே பேசிப் பதிவுசெய்த வீடியோவைப் போட்டுக்காட்டுவது என்று திட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு முன்னறையில் சுவரை மறைத்து வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினேன். சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தேன். என் கணவர் யோகராஜ் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்ப்பவர். அவரைச் சமையலறைக்கு அனுப்பிப் பருப்பைக் கவனிக்கச் சொன்னேன். சத்தமே வரக்கூடாது என்றும் சொன்னேன்.

இரண்டு தடவை பதிவுசெய்தேன். முதல் தடவை எல்லாச் சத்தமும் வந்தது. இரண்டாம் தடவை துப்புரவாக அமைந்தது. இரண்டும் போனில் நீளமான இலக்கங்களைப் பெயராகக் கொண்டு கிடந்தன. எது எது என்று தெரியவில்லை.

"போட்டுப் பாத்துட்டு ஏத்து சாந்தி" என்றார் இவர்.

"ஏங்க, இது கல்வித் தொழில்நுட்பம். பல்பு மாட்டுற வேலை இல்ல" என்றேன்.

நான் இரண்டு கோப்புகளின் அளவையும் பார்த்தேன். ஒன்று மற்றதைவிட நல்ல பெரிதாக இருந்தது. பெரிய கோப்பு என்றால் தரமும் கூட இருக்கும் என்று முடிவுசெய்து, அதைப் பென் டிரைவில் ஏற்றினேன். (பட்டறையில் இப்படி யாரும் சொல்லித்தரவில்லை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.)

ஒலிதான் மிச்சம். பள்ளிக்கூட லெப்டொப்பின் சத்தம் முதல் வரிசைக்கே கேட்காது. அதனால் தோட்டத்துக் கோயில் கமிட்டியிடம் கேட்டு, திருவிழாவுக்குப் போடும் ஸ்பீக்கர் பெட்டிகளில் இரண்டை வாங்கிவந்தேன். ஒரு வகுப்பறைக்கு அவ்வளவு பெரிதா என்று கமிட்டித் தலைவர் கேட்டார். ஒலித்தரம் முக்கியம் என்று அவருக்கு விளக்கினேன்.

வியாழக்கிழமை வந்தது. காலையிலிருந்தே பனி. ஆசிரிய ஆலோசகர் நஸீரா மேடம் குடையோடு வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி. வகுப்பின் பின்பக்கம் சந்தனம் சேரோடு உட்கார்ந்து, மடியில் ஒரு கோப்பை விரித்து வைத்துக்கொண்டார். ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். முப்பத்தைந்து பிள்ளைகளும் படம் பார்க்க வந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

முதலில் இணையம். புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சந்தனம் சேர் எழுந்து என் போனை வாங்கி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தார். ஒரு கோடு சிக்னல் வந்தது. அவர் தும்மினார். அதுவும் போனது.

"பரவாயில்லை மேடம். இதுக்குத்தான் மாற்று ஏற்பாடு வச்சிருக்கோம்" என்று நான் சிரித்தபடி பென் டிரைவைச் செருகினேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என் கன்னம் கூசுகிறது.

சுவர் முழுக்க என் முகம் வந்தது. "அன்பான பிள்ளைகளே, இன்று நாம் மனித இதயத்தைப் பற்றிக் கற்போம்" என்று கோயில் ஸ்பீக்கர் முழங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கே பக்தி வந்துவிட்டது.

"இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள்." இவ்வளவு சொன்ன சுவர் முகம் திடீரென்று பக்கவாட்டில் திரும்பியது. "ஏங்க, பருப்பப் பாருங்க, பொங்குது."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கொண்டுவந்தது முதல் தடவை எடுத்த வீடியோ. நிறுத்துவதற்கு ஓடினேன். நஸீரா மேடம் கையை உயர்த்தி, "இருக்கட்டும் டீச்சர், ஓடட்டும். வீட்டில எடுத்தா அப்படித்தான்" என்றார். பெரிய மனதோடு சொன்னது. அவருக்கு மட்டும் மேலே வரப்போவது தெரிந்திருந்தால்.

"எல்லா நாடிகளும் ஒட்சிசன் கூடிய குருதியைத்தான் கொண்டுசெல்லும், ஒன்றைத் தவிர. அதுதான் நுரையீரல் நாடி" என்று சுவர் சொன்னபோது, வீட்டு வாசலில் தெருத்தெருவாகப் பாண் விற்கும் ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. பாட்டு முடியும்வரை சுவரிலிருந்த நான் கண்ணை மூடிப் பொறுமை காத்தேன். வால்வுகள் குருதியைத் திரும்பிப்போக விடாது என்ற இடத்தில் படுக்கை விரிப்பு அவிழ்ந்து என் தலையில் விழுந்தது. உள்ளே இருந்தபடியே வால்வை விளக்கி முடித்தேன்.

பதினோராவது நிமிடத்தில் சுவரிலிருந்த நான், "நன்றி, பிள்ளைகளே" என்று கும்பிட்டேன். வகுப்பில் நின்ற நான் அப்பாடா என்று மூச்சுவிட்டேன்.

வீடியோ நிற்கவில்லை. அன்றைக்கு நான் நிறுத்தும் பொத்தானை உடனே அழுத்தாமல் விட்டிருக்கிறேன். கோப்பு ஏன் பெரிதாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

சுவரில் இருந்த நான் தலைமயிரைச் சரிசெய்தேன். தொண்டையைச் செருமினேன். சந்தனம் சேரின் குரலில், "அதாவது வந்து பாத்தீங்கன்னா மேடம், இந்த டீச்சர் இல்லாட்டி இந்தப் பள்ளிக்கூடமே இல்லீங்க" என்றேன்.

நான் பாய்ந்துபோய்க் கையில் கிடைத்த வயரைப் பிடித்து இழுத்தேன். அது புரொஜெக்டர் வயர். படம் போனது. இருட்டானது. கோயில் ஸ்பீக்கர் மட்டும் இருட்டுக்குள் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது.

"ஸ்மார்ட் போர்டை எங்களுக்கு வழங்கியதற்கு நன்றி மேடம். டவுன் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்திருந்தா அதுல கலண்டர்தான் மாட்டியிருப்பாங்க."

"யாரு கூட பேசுற?" இது இவர் குரல், சமையலறையிலிருந்து.

"வியாழக்கிழமை வரப்போற மேடம் கூட."

"அவங்கள ஒனக்குத் தெரியுமா?"

"பாத்ததில்ல. ஆனா கண்ணாடிய மூக்கு நுனியில வச்சிக்கிட்டு, கோழி புழுவப் பாக்குற மாதிரி பாப்பாங்களாம். எல்லா டீச்சரும் சொல்றாங்க."

யாரோ திரைச்சீலையைத் திறந்துவிட்டார்கள். முப்பத்தைந்து தலைகளும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பி, நஸீரா மேடத்தின் மூக்கைப் பார்த்தன. மேடம் மெதுவாகக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

"பருப்பு அடிப்பிடிச்சிருச்சு சாந்தி" என்றார் இவர் ஸ்பீக்கரில். அத்தோடு வீடியோ முடிந்து லெப்டொப் தானாகவே நின்றது.

வெளியே மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவு தூரத்துக்கு ஒலித்தரம் இருந்திருக்கிறது.

வேலை போய்விடும் என்பதுகூடப் பெரிதாகப் படவில்லை. சந்தனம் சேரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு வருடம் கடிதம் எழுதிய மனிதரை, அவர் பிள்ளைகளுக்கு முன்னாலேயே கேலி செய்திருக்கிறேன்.

நஸீரா மேடம் எழுந்து முன்னால் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, "ஒட்சிசன் குறைந்த குருதியைக் கொண்டுபோற நாடி எது?" என்று கேட்டார்.

பவித்ரா கையைத் தூக்கினாள். அந்த வருடம் முழுக்க வகுப்பில் வாயே திறக்காதவள் அவள்.

"நுரையீரல் நாடிங்க மேடம்."

"எப்படி ஞாபகம்?"

"பாண் ஓட்டோ வந்தப்ப டீச்சர் சொன்னாங்க."

"வால்வுக்கு என்ன வேலை?"

இந்த முறை ஏழெட்டுக் கைகள். "குருதியத் திரும்பிப் போக விடாதுங்க. பெட்சீட் விழுந்த எடத்துல வந்துச்சு."

"அறைகள் எத்தனை?"

"நாலு" என்று வகுப்பே சொன்னது. "பருப்பு பொங்குனப்ப."

மேடம் என் பக்கம் திரும்பினார். "மிச்சப் பாடத்தை நடத்துங்க டீச்சர்."

அலுமாரி உச்சியிலிருந்த வெண்கட்டிப் பெட்டியை எடுக்க நாற்காலியில் ஏறவேண்டியிருந்தது. முப்பத்தைந்து பிள்ளைகளும் இரண்டு பெரியவர்களும் பார்க்க ஏறினேன். பிறகு கரும்பலகையில் ஒரு இதயம் வரைந்தேன். கணினியைப் பற்றி எனக்குத் தெரியாதது நிறைய இருக்கலாம், இதயம் எனக்குத் தெரியும். குருதி உள்ளே வருவதிலிருந்து பெருநாடி வழியாக வெளியே போவது வரை பிள்ளைகளையே சொல்லவைத்து, அம்புக்குறி போட்டு முடித்தேன். அதுபோல ஒரு பாடம் நான் அதற்கு முன் நடத்தியதில்லை.

மேடம் போன பிறகு அதிபரின் அறைக்குப் போனேன். "சேர், என்ன மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "அதாவது" என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தினார். "நா அப்படித்தான் பேசுறனா டீச்சர்?"

"ஆமாங்க சேர்."

"வீட்டுலயும் சொல்லுவாங்க. நா நம்பல." அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

ஸ்மார்ட் போர்ட் எங்களுக்கே வந்தது. மேடம் எழுதிய அறிக்கையின் பிரதியைச் சேர் காட்டினார். கடைசி வரி எனக்கு மனப்பாடம்: "இவ்வாசிரியையிடம் கருவிகளை நம்பி ஒப்படைக்கலாம், ஆனால் உடன் ஒருவர் இருப்பது நல்லது."

அடுத்த வருட ஒன்பதாந் தரத்துக்கு, இரண்டாம் தடவை எடுத்த சுத்தமான வீடியோவை அதே போர்டில் போட்டேன். ஒரு சத்தம் இல்லை, ஒரு பிசகு இல்லை. மறுநாள் கேட்டால் பாதிப் பேருக்கு அறைகள் எத்தனை என்றே தெரியவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் பருப்பு வீடியோதான். பதினோராவது நிமிடத்தில் வெட்டியிருக்கிறேன். வலயத்துப் பட்டறைகளில் நானும் இப்போது பயிற்சி கொடுக்கும் வளவாளர். முதல் ஒரு மணித்தியாலம், பதிவுசெய்ததைப் போட்டுப் பார்ப்பது எப்படி என்பதுதான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டிப் போகும்போது, "டீச்சர், பருப்ப எறக்கிட்டீங்களா?" என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள். எறக்கிட்டேன் என்று சொல்லிவிட்டு நடக்கிறேன்.

வீட்டில்தான் தப்பமுடியாது. போன மாதம் கொத்மலையிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவர் கொண்டுவந்த அதிரசத்தைப் பற்றி இவரிடம் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "நிப்பாட்டியாச்சான்னு பாத்துக்க" என்றார்.

எங்கள் ஆறு வயது மகள் எழுந்து ஓடினாள். மேசைமேல் கிடந்த என் போனைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஒரு தலையணையையும் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்கம்மா" என்றாள்.