குவைத்துக்குக் கூப்பிட்ட பெண்சாதிக்கு

சாய்ந்தமருது
12.03.1982

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் திருப்பெயரால்.

அன்புள்ள மனைவி சுல்பிகாவுக்கு உன் கணவன் பக்கீர் முகைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு உன்னைப் பெற்ற மாமியும் உன் தங்கச்சி றபீக்காவும் கோழிகளும் நல்ல சுகம். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே எழுதிவிட்டேன். மிச்சத்தைக் கீழே வாசித்து அறிந்துகொள்.

உன் கடிதம் போன கிழமை வந்தது. வழமைபோல் மாமியின் பெயருக்குத்தான் வந்தது. றபீக்கா சத்தம் போட்டு வாசிக்க, மாமியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் கேட்டு, அழுது, மூக்கைத் துடைத்து முடித்த பிறகு என் கைக்குத் தந்தார்கள். நீ வேலை செய்கிற வீட்டு டிரைவர் ஊருக்குப் போய்விட்டான் என்றும், புருசனும் பெண்சாதியுமாக ஒரே வீட்டில் வேலைக்கு இருந்தால் நல்லது என்று உன் எஜமானி சொல்கிறாள் என்றும், நான் ஓம் என்று ஒரு சொல் எழுதினால் விசா வந்துவிடும் என்றும், இல்லாவிட்டால் நீ தனியாகவே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வரமாட்டேன். நீயும் ஒன்றிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த கையோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்.

சுல்பிகா வெளிநாட்டில் கஷ்டப்படுகிறாள் என்று ஊரே உருகுகிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவராவது கேட்டார்களா? கலியாணத்தன்று மருதமுனையிலிருந்து ஒரு சூட்கேசோடு கார் ஏறி இந்த ஊருக்கு வந்தேனே, அன்றைக்கே நான் வெளிநாடு போய்விட்டேன். பாஸ்போட் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு, ஆம்பிளை அந்த வீட்டுக்கு வந்து சேர வேண்டியவன். பரவாயில்லை, சேர்ந்தேன். வீட்டுக்காரி இருந்தவரைக்கும் நானும் வீட்டுக்காரனாகத்தான் இருந்தேன். வீட்டுக்காரி பிளேன் ஏறிய பிறகு நான் என்ன? விருந்தாளியா, வாடகைக்காரனா, காவல்காரனா? பள்ளிவாசல் மௌலவியிடம்கூடக் கேட்டுப் பார்த்தேன். கிதாபைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

நீ போன கையோடு மாமி என் பாயை அறையிலிருந்து விறாந்தைக்கு எடுத்துவிட்டார். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு, ஊர் வாய் சும்மா இருக்காது என்றார். அது நியாயம், நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த விறாந்தையில் எனக்கு முன்பே ஆடு ஒன்று குடியிருந்தது. அதற்கும் அங்கே உரிமை இருக்கிறதாம். நீ அனுப்பிய ரேடியோ கசட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். யாராவது வந்தால் வெளியே எடுத்துத் துடைத்துக் காட்டுவார்கள். நான் யாராவது என்ற கணக்கில் வருவதில்லை. இப்படி இருக்கும்போதுதான் றபீக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மூத்த மருமகன் என்ற முறைக்கு, நீ அனுப்பிய நீளக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு (அதற்குள் இன்னொருவரும் தாராளமாக இருக்கலாம், அடுத்த முறை அளவு கேட்டு வாங்கு) வாசலில் நின்று வாங்க வாங்க என்று வரவேற்றேன். வந்தவர்களில் ஒரு மனிசன், இவர் யார் என்று கேட்டுவிட்டான். உடனே மாமி சொன்னார்:

"அவர் நம்மட மூத்த மகள்ட மாப்பிள. இப்ப போகப் போறார்."

நான் போவதாக யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் பெரிய மனிசி சபையில் சொன்ன சொல் பொய்யாகக் கூடாதே என்று எழும்பிப் போனேன். எங்கே போவது என்று படலையைத் தாண்டிய பிறகுதான் யோசித்தேன்.

பிறந்த வீடு இருக்கிறதே என்று கல்முனையில் பஸ் மாறி மருதமுனைக்குப் போனேன். என் தங்கச்சி ஸைனம்புக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு அது, உனக்குத் தெரியும். அவள் மாப்பிள்ளை மீராசாஹிபு, என் வாப்பா இருந்த அதே சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு வாங்க மச்சான் என்றான். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி வந்தது, தட்டில் பிஸ்கட்டும் வந்தது. சுல்பிகா, அந்த வீட்டுக் குசினியில் சட்டியோடு சோறு வழித்துத் தின்று வளர்ந்தவன் நான். எனக்குத் தட்டில் பிஸ்கட்! பிஸ்கட் என்ற சாமானை அந்நியருக்குத்தான் வைப்பார்கள். அதைக் கடித்துக்கொண்டிருக்கும்போது மீராசாஹிபு மெத்த மரியாதையாக, "அப்ப மச்சான், திரும்பிப் போறது எப்ப?" என்று கேட்டான். சவூதியிலிருந்து லீவில் வருகிறவர்களிடம் கேட்கிற அதே கேள்வி. ஸைனம்பு ஓடிவந்து இருந்துவிட்டுப் போ காக்கா என்று கூடப்பிறந்த பாசத்தில் அழுதாள். அழுதுகொண்டே மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்ட பிறகு எனக்கு அங்கே இருக்க மனம் வரவில்லை. மனம் நொந்துதான் வெளியே வந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

பிறகு நாவிதன்வெளி வயல் வட்டையில் நெற்சூடு மிதிக்கிற வேலை வந்தது. வயல் முதலாளி போடியாருடைய உழவு மெசினை ஓட்டிக்கொண்டுபோய் அங்கேயே வாடிக் குடிசையில் தங்கினேன். வயலில் வேலை செய்கிறவர்களோடு கிடந்தேன். இரவெல்லாம் கடித்த நுளம்பு ஒவ்வொன்றும் குருவி அளவு. நெல் மணத்துக்கு யானையும் வந்தது. எல்லோரும் வெடி கொளுத்திக்கொண்டு ஓட, நான் மெசினுக்கு மேலே ஏறி நின்றேன். யானை கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. நீ எப்ப போகப் போறாய் என்று அதுவும் கேட்கிறது போலத்தான் இருந்தது.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு வேறு வாயால் உனக்கு வரும். கல்முனை பஸாரில் தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது தரகர் இப்றாஹிம் வந்து பக்கத்தில் குந்தினான். நல்ல வீடு ஒன்று இருக்கிறது மச்சான் என்று தொடங்கினான். கல்வீடு, ஓட்டுக்கூரை, இரண்டு அறை, காய்க்கிற தென்னை. வீடு விற்கிறான் போல என்று நானும் ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். கிணற்றுத் தண்ணி உவரா என்றுகூட விசாரித்தேன். கற்கண்டு மாதிரித் தண்ணி என்றான். எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியாக, பொம்பிளையும் நல்ல குணமான பிள்ளைதான் என்றான்! நான் எழும்பிய வேகத்தில் தேத்தண்ணி முழுவதும் அவன் வெள்ளைச் சாரனில் கொட்டியது. எனக்குப் பெண்சாதி இருக்கிறா, குவைத்தில் இருக்கிறா என்று கடையே கேட்கக் கத்தினேன். அந்த மனிசன் கோபப்படவே இல்லை. சாரனைப் பிழிந்துகொண்டே சொன்னான்:

"அதத்தான் நானும் சொல்றன். பொண்டாட்டி இரிக்கா. ஊடு எங்க இரிக்கி?"

தேத்தண்ணிக் காசை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன், சுல்பிகா. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

இந்த நிலைமையில் நீ என்னை அங்கே கூப்பிடுகிறாய். டிரைவருக்கு வாசல் கேற்றடியில் ஓர் அறை, உள்ளே வரக் கூடாது. உனக்குக் குசினிக்குப் பக்கத்தில் படுக்கை, வெளியே வரக் கூடாது. நீ எழுதியதுதான் இதெல்லாம். இதற்குப் பெயர் புருசனும் பெண்சாதியும் ஒரே வீட்டில் இருப்பதா? இரண்டு பேருடைய பாஸ்போட்டும் அவர்கள் அலுமாரியில். ஒரு பொம்பிளை பின்சீற்றில் இருந்து இங்கே திருப்பு அங்கே திருப்பு என்று சொல்ல, நான் தலையாட்டிக்கொண்டு வளைக்க வேண்டுமா? போடியாரே என் மெசினில் கை வைக்க என்னிடம் கேட்டுத்தான் வைப்பார். அதுவும் அந்த நாட்டில் வலப்பக்கத்தால் ஓடுகிறார்களாம். அறிவுள்ளவன் செய்கிற வேலையா அது? இன்னுமொன்று. உடுப்புத் துவைக்கிற சவர்க்காரத் தூளால் உன் கை இரண்டும் வெடித்திருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். மாமி கவலைப்படுவார் என்று றபீக்கா அந்த வரியை வாசிக்காமல் விட்டுவிட்டாள். நான் வாசித்தேன். திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்தக் கையோடு இன்னும் இரண்டு வருடமா? றபீக்காவுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீட்டுக்கு நீ அனுப்பிய காசில் சுவர் எழும்பிவிட்டது. கூரையை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். வா.

இதுதான் என் முடிவு. ஆகாயம் இடிந்து விழுந்தாலும் இதில் மாற்றம் இல்லை. வல்ல நாயன் உனக்குச் சுகத்தையும், உன் கைகளுக்கு ஆறுதலையும், உன் எஜமானிக்கு நல்ல புத்தியையும், எனக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக, ஆமீன். மாமி, றபீக்கா, ஸைனம்பு எல்லோரும் உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார்கள். மீராசாஹிபு சொல்லச் சொல்லவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
வீட்டுக்காரன் என்று ஒப்பமிட வீடில்லாத
பக்கீர் முகைதீன்

பி.கு: கவரைச் சோறு வைத்து ஒட்டிய பிறகு திரும்பவும் உடைத்து இதை எழுதுகிறேன். என்ன பதில் எழுதினீங்க என்று மாமி கேட்டார். வரமாட்டேன் என்று எழுதிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "நம்மட வழக்கம் தெரியாதா மருமகன்? பொண்டாட்டி எந்த ஊட்டுல இரிக்காவோ, அதான் மாப்பிளைக்கு ஊடு. அவ குவைத்துல இரிக்கா. நீங்க என்னத்துக்கு எண்ட விறாந்தையில கெடக்கிறீங்க?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதே கோபத்தோடு கல்முனைக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குப் படம் பிடித்துவிட்டேன். ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிறவன் மாதிரி இருக்கிறேன், நேரில் அப்படி இல்லை என்று எஜமானியம்மாவிடம் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். கார் ஓட்டுவாரா என்று கேட்டால் ஓம் என்று சொல். உழவு மெசின்தான் ஓட்டுவார் என்று சொல்லாதே, விசா வருவதற்குள் பழகிவிடுவேன். மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துப் போடு. கேற்றடி அறையில் நின்று பார்த்தால் உன் குசினி ஜன்னல் தெரியுமா என்று மட்டும் பார்த்து எழுது.