ரிஜெக்ட் எழுதிய வேதபுத்தகம்

கம்பெனி பஸ் பஞ்சர் ஆனால் ஆண்டவருக்கு நன்றி சொல்கிற ஆளை இந்தப் பிறவியில் நான் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். அடுத்த பிறவியில் இன்னொருவன் கிடைப்பான் என்ற நம்பிக்கையும் இல்லை. அவன் பெயர் ரிஜெக்ட். பெற்றவர்கள் வேறு ஏதோ நல்ல பெயர்தான் வைத்திருந்தார்கள். அது சம்பளப் பட்டியலில் மட்டும் உபயோகத்தில் இருந்தது.

1991. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் இன்றைக்கு மாதிரி கம்பெனிகள் தோளோடு தோள் உரசி நிற்காத காலம். வயல், ஏரி, மறுபடி வயல், நடுவில் தகர ஷெட் போட்ட எங்கள் கம்பெனி. லாரி பிரேக்கில் மாட்டுகிற இரும்பு பின் செய்தோம். சுண்டுவிரல் நீளம் இருக்கும். ரிஜெக்டும் நானும் அங்கே இன்ஸ்பெக்டர்கள். லத்தியெல்லாம் கிடையாது. மணிக்கு ஒரு பின் எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து, ஷீட்டில் எழுத வேண்டும். சரியில்லை என்றால் பெட்டிக்கு 'ரிஜெக்ட்' என்று அச்சடித்த சிவப்புச் சீட்டு. என் சீட்டுக் கட்டு வாங்கிய அன்று இருந்தபடியே புதிதாக இருக்கும். அவன் வாரம் ஒரு கட்டைத் தீர்த்துவிடுவான். பெயர் வந்த வழி அதுதான்.

அவன் வேதபுத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கையால் எழுதிக்கொண்டிருந்தான். வேண்டுதலா என்றால் இல்லை. சபையில் யாராவது சொன்னார்களா என்றால் இல்லை. போட்டி, பரிசு எதுவும் இல்லை. அப்போது மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேகத்துக்கு இன்னும் எட்டு வருஷம் ஆகும் என்று நான் சொன்னபோது, "அப்போ நடுவுல வேற வேலை தேட வேணாம்" என்றான்.

குன்றத்தூரிலிருந்து நாங்கள் வருகிற பஸ்ஸில் மடியில் நீள நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பஸ் ஓடும்போது எழுத மாட்டான், எழுத்து ஆடும். நின்றால் பேனா திறக்கும். எருமை குறுக்கே வந்தால் அரை வசனம். டிரைவர் டீ குடித்தால் நாலு வசனம். பஞ்சர் என்றால் ஒரு முழு அதிகாரம். நாங்கள் கீழே இறங்கி டயரையும் டிரைவரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருப்போம். ஜன்னல் வழியாக ஒரு முகம் மட்டும் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி மலர்ந்து தெரியும்.

எழுதுவதிலும் அவன் இன்ஸ்பெக்டர்தான். இடது ஓரம் இருபத்தைந்து மில்லிமீட்டர் இருக்கிறதா என்று வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்ப்பான். ஒரு எழுத்து பிசகினாலும் அந்தப் பக்கத்துக்குச் சிவப்புச் சீட்டு. கிழிக்க மாட்டான். தனி ஃபைலில் சேர்த்து, சீட்டில் குறையும் காரணமும் எழுதி வைப்பான். அந்த ஃபைலை ஒருநாள் திருட்டுத்தனமாகப் புரட்டினேன். 'குறை: ஒரு வரி விடுபட்டது. காரணம்: கான்டீன் வடை வாசனை.' 'குறை: சொல் இருமுறை வந்தது. காரணம்: கோதண்டம் விட்ட ஏப்பம்.' ஒரு பக்கத்தில் மட்டும் எவ்வளவு தேடியும் பிழையே இல்லை. அச்சடித்த மாதிரி எழுத்து. சீட்டில் எழுதியிருந்தான்: 'குறை: இல்லை. காரணம்: அழகாக எழுதுகிறேன் என்று நினைத்தேன்.' அன்றைக்கு அதைக் கான்டீன் முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். இப்போது நானே ஏதாவது நன்றாக எழுதிவிட்டதாகத் தோன்றும்போது அந்தச் சீட்டு ஞாபகத்துக்கு வந்து பேனாவைப் பிடித்துக்கொள்கிறது.

ஏப்பம் விட்ட கோதண்டம் வல்லத்துக்காரர். இரண்டாம் மிஷின் ஆபரேட்டர். குடும்பமே குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை போடுகிற குடும்பம். மதியம் சாப்பிட்டதும் அவர்தான் அச்சுப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார். ரிஜெக்ட் தன் நோட்டில் விரலை ஓட்டிச் சரிபார்ப்பான். இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்று பெயர்கள் வரிசையாக வந்த இடத்தில் கோதண்டம் புத்தகத்தை மூடிவிட்டார். "இன்னா சார் இது, ரேசன் கார்டு கணக்கா கீது?" ஆனால் ராஜாக்கள் கதை ஆரம்பித்ததும் ஆள் மாறிவிட்டார். ரிஜெக்ட் காய்ச்சலில் லீவு போட்ட மூன்று நாளும் என்னிடம் வந்து, அந்த ராஜா தன் சொந்த மகனிடமிருந்து தப்பினானா இல்லையா என்று கவலையாக விசாரித்துக்கொண்டே இருந்தார்.

எதற்காக எழுதுகிறாய், வாசித்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "படிக்கறப்போ நான் முன்னாடி ஓடிடறேன்பா. எழுதறப்போதான் அது கூடவே நடக்கறேன்" என்றான்.

நானும் எழுதிக்கொண்டிருந்தேன். வாரப் பத்திரிகைகளுக்கு ஜோக். கம்பெனி நேரத்தில்தான். ஒன்றுகூடப் பிரசுரமாகவில்லை என்பது வேறு விஷயம். கற்பனை பெருக்கெடுத்து ஓடிய ஒரு பதினோரு நாள், என் பொறுப்பில் இருந்த இரண்டாம் மிஷின் பக்கமே நான் போகவில்லை. ஷீட் எல்லாம் காலி. மொத்தமாக அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மானேஜர் வந்து, எங்கள் பின்னை வாங்குகிற கம்பெனியின் அதிகாரி மூன்று மணிக்கு வருகிறார், எல்லா ஷீட்டையும் பார்ப்பார் என்றார். எனக்கும் ரிஜெக்டுக்கும் ப்ரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமாகிற மாதம் அது. அரை மணிக்குள் மூன்று தடவை கொல்லைப் பக்கம் போய்வந்தேன். பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து, 12.01, 12.02, 12.01 என்று எழுதித் தள்ளினேன். ஏழு ஷீட் முடிந்ததும் தள்ளி வைத்துப் பார்த்தேன். பின்னின் கனம் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல், ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குவரை போகலாம், அந்த வகையில் தப்பில்லை. ஆனால் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே நடுக்கம். பயந்தாங்கொள்ளி ஒருவன் ஒரே மூச்சில் எழுதியது என்று கண் தெரியாதவர்கூடச் சொல்லிவிடுவார்.

ரிஜெக்டிடம் ஓடினேன். உன் ஷீட்டைப் பார்த்து என் ஷீட்டில் காப்பி எடுத்துக் கொடு, காப்பி எடுப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று கெஞ்சினேன்.

"என்னுது ஒண்ணாம் மிஷின் பின்னாச்சே" என்றான்.

"பின்னுன்னா பின்னுதான்யா. ரெண்டுக்கும் என்ன வாய்க்கால் தகராறா?"

"நான் இருக்கறத பாத்து எழுதறவன்பா. இல்லாதத எழுதறது உன் வேலை. அதான் வாராவாரம் பத்திரிகைக்கு அனுப்பறியே."

உயிர் போகிற நேரத்தில் அவன் ஜோக் சொல்கிறான், அதுவும் என்னுடையவற்றைவிட நன்றாகச் சொல்கிறான் என்பதில் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அவன் எழுந்து கோதண்டத்திடம் போய் ஏதோ கேட்டான். கோதண்டம் மிஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பலகையில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு பின். வரிசைக்கு எட்டு, மொத்தம் பதினோரு வரிசை.

"மணிக்கு ஒண்ணு எடுத்து வெக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க? வெச்சிக்கினுதான் இருந்தேன். பாக்கத்தான் நீங்க வரல" என்றார் என்னிடம்.

எண்பத்தெட்டுப் பின். மணி பத்தரை. ரிஜெக்ட் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, அளந்து, சொன்னான். நான் எழுதினேன். சீக்கிரம், சீக்கிரம் என்று நான் துடிக்க, அவன் ஒவ்வொரு பின்னையும் திருப்பி இரண்டாம் முறை அளந்தான். சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கோதண்டம் புத்தகத்தைத் தேடவில்லை.

ஏழாவது நாள் மூன்றாவது பின்னில் அவன் குரல் நின்றது. "பன்னெண்டு புள்ளி பூஜ்யம் நாலு." அடுத்ததும் அதுவே. அதற்கடுத்தது இன்னும் அதிகம். எட்டாம் நாள் காலையில் கோதண்டம் தேய்ந்த டூலை மாற்றியிருக்கிறார், அங்கிருந்து அளவு ஒழுங்காகிவிட்டது. நடுவில் வந்த பின் எல்லாம் நாலு பெட்டியில், லாரி ஏறத் தயாராக ஷெட் வாசலில் இருந்தது. அதே ஏழாம் நாளுக்குக் காலையில் நான் எழுதி வைத்த ஷீட்டில் எல்லாப் பின்னும் 12.01, 12.02. பிரேக்குக்குப் போகிற பின். அதற்குப் பிறகு நான் சீக்கிரம் என்று சொல்லவில்லை.

ரிஜெக்ட் போய் நாலு பெட்டிக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு வந்தான். மீதிப் பின்னையும் முடித்த பிறகு ஷீட்டில் தேதி போடுகிற கட்டம் வந்தது. அந்தந்த நாளின் தேதியைப் போடப் போனேன்.

"இன்னிக்குத்தான அளந்தோம்" என்றான்.

இன்றைய தேதி போட்டால் என் கழுத்தில் நானே சீட்டு ஒட்டிக்கொள்கிற மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். அவன் மைக்ரோமீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பதினோரு ஷீட்டிலும் இன்றைய தேதியைப் போட்டேன். கீழே என் கையெழுத்து. நிமிர்ந்தபோது, ஷீட்டுகளைத் தன் பக்கம் இழுத்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவனும் பதினோரு தடவை போட்டுக்கொண்டிருந்தான்.

அதிகாரி சரியாக மூன்று மணிக்கு வந்தார். பதினோரு நாள் பின்னுக்கு எப்படி ஒரே தேதி என்று கேட்டார். கரண்ட் இல்லை, மைக்ரோமீட்டர் ரிப்பேர், சித்தப்பா காலமாகிவிட்டார் என்று மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும், "அளக்கல சார். இன்னிக்குத்தான் அளந்தோம்" என்று வந்துவிட்டது. யாரும் இதைத் தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். பயத்தில் பொய் மூன்றும் மறந்துபோயிற்று, அவ்வளவுதான். அவர் சிவப்புச் சீட்டுப் பெட்டிகளைப் பிரிக்கச் சொல்லித் தானே நாலைந்து பின் அளந்தார். "இது நாலும் லாரியில ஏறியிருந்தா..." என்று மானேஜரைப் பார்த்து ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. மற்றப் பெட்டிகளை அனுப்பலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் எங்கள் இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது. ப்ரொபேஷன் மேலும் ஆறு மாதம் நீட்டிப்பு. எனக்கு நியாயம்தான். அவனுக்கு எதற்கு? நீ ஏன் இதில் கையெழுத்துப் போட்டாய் என்று மானேஜர் கேட்டிருக்கிறார். "அளந்தது நான்தான் சார்" என்றிருக்கிறான்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். கடிதத்தை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தவன், திடீரென்று எழுந்து மானேஜர் அறைக்கு விடுவிடுவென்று நடந்தான். அப்பாடா, கடைசியில் இவனுக்கும் மனுஷன் மாதிரி கோபம் வந்துவிட்டது என்று வாசலில் காத்திருந்தேன். ஐந்து நிமிஷத்தில் சாந்தமாகத் திரும்பி வந்தான். வேலைக்குச் சேர்ந்த தேதியை ஒரு நாள் முன்னதாகப் போட்டுவிட்டார்களாம். அவன் சேர்ந்தது நான் சேர்ந்ததற்கு அடுத்த நாள்தானாம். திருத்தச் சொல்லிவிட்டு வந்தானாம். தண்டனையை ஒரு நாள் கூட்டி வாங்கிக்கொண்டு வந்தவனிடம் என்ன மன்னிப்புக் கேட்பது? நேராக மிஷினுக்குப் போய், மணி அடித்ததும் ஒரு பின்னை எடுத்து அளந்தேன்.

ஆறு மாதம் கழித்து மானேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் இருந்த கடிதத்தை என் பக்கம் தள்ளி, இன்றிலிருந்து வேலை நிரந்தரம் என்றார். நான் அதைத் தொடவில்லை. நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"ஏன்யா, ராகு காலமா?"

"இல்ல சார். அவனுக்கு நாளைக்குத்தான் வருது."