தேய்கிற எழுத்துகள்

கோப்பைத் திறந்தால் படம் வரவில்லை. சதவீதக் குறியில் தொடங்கி, எண்களாகவே கொட்டியது.

"என்னடா இது?" என்றார் அச்சகத்து முதலாளி. "ஆஸ்பத்திரிச் சுவர்ல மாட்டுற அட்டை, இருபது வேணும்னாங்க. பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கலேன்னா எதிர்த்த பிரஸ்ஸுக்குப் போயிடுவாங்க. நானோ கண்ணால பாக்காம எதையும் அடிச்சதில்ல."

"முதலாளி, இது மெஷினோட பாஷை, நேரா மெஷினுக்கே விட்டா..." என்று ஆரம்பித்தார் மெஷின் ஓட்டும் அக்கா.

"அக்கா, இது சாஃப்ட்வேர் சமாச்சாரம்!" என்று அடக்கினார் முதலாளியின் மைத்துனர். குடும்பத்தில் யாருடைய கைபேசி கெட்டாலும் அவர்தான் பார்ப்பார். பார்த்த பிறகு வேறு கைபேசி வாங்குவார்கள். கோப்பைக் கணினியில் ஏற்றிக்கொண்டு, அது வந்த பென்டிரைவை வாசல் பெஞ்சில் காத்திருந்த நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தார்.

முதலில் பார்வை மென்பொருளை நிறுவினார். 'மொழிபெயர்ப்பான் இல்லை' என்றது அது.

"பாக்கிறதுக்கு ஒண்ணு, புரிஞ்சுக்கிறதுக்கு ஒண்ணு. ரெண்டும் வேணும் மாமா."

"கண்ணு ஒருத்தனுக்கு, மூளை இன்னொருத்தனுக்கா?"

"நம்ம குடும்பம் ஓடலையா?"

மொழிபெயர்ப்பானும் வந்தது. ஒன்று அறுபத்து நான்கு பிட், மற்றது முப்பத்திரண்டு, ஒட்டவில்லை. இரண்டையும் கழற்றியபோது கணினியிலிருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் கூடவே கிளம்பிப் போய்விட்டது.

"இனிமே தமிழ்ல எப்படிடா அடிக்கிறது?"

"ஒவ்வொண்ணா வருவோம் மாமா. அந்தக் கடகடச் சத்தத்தை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க, யோசிக்க முடியல!"

முதலாளி எழுந்து போய் மெஷின் அறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

இரண்டையும் ஒரே பிட்டில் மறுபடி நிறுவி, ஜோடி சேர்ந்ததும் திரையில் பக்கம் விரிந்தது. இருவரும் ஒருசேரக் கத்தினார்கள். பிறகு ஒருசேரத் திரையை நோக்கிக் குனிந்தார்கள். மேலே 'ட' என்று ஒரே எழுத்து, யானைக்குட்டி அளவில். அடுத்த வரியில் 'ப ம'. அதற்கடுத்து 'ர ங ய'. கீழே போகப் போக எழுத்து எறும்பாகிவிட்டது.

"எழுத்து தேயுதுடா!"

"ஃபான்ட் கோளாறு மாமா."

இருநூற்றுப் பன்னிரண்டு எழுத்துருக்களை இறக்கினார். தேய்வது நிற்கவில்லை.

"வாசிச்சா அர்த்தமும் வரலையே?"

"ஆஸ்பத்திரிக்காரங்க எழுதினது என்னைக்கு நமக்குப் புரிஞ்சிருக்கு? அளவை மட்டும் சரி பண்ணுவோம்."

மைத்துனர் கோப்பின் வயிற்றுக்குள்ளேயே இறங்கினார். நூற்று இருபது, தொண்ணூறு, அறுபது, முப்பது, பத்து என்று எண்கள் படிப்படியாக இறங்கியிருந்தன.

"சிக்கிட்டான் குற்றவாளி!"

எல்லாவற்றையும் எழுபத்திரண்டாக்கினார். பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருக்கையில், எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில், ராணுவ அணிவகுப்புப் போல நின்றன.

முதலாளி மைத்துனரைக் கட்டிப்பிடித்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இதுவே முதல் முறை. "உங்க அக்காவுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்றேன், இரு!" என்றவர், திரையைக் கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து முழங்கினார்: "அக்கா, அடிங்க!"

மெஷின் அறையிலிருந்து, கையில் ஒரு கட்டோடு வந்தார் நர்ஸ். திரையை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க கதவைச் சாத்தும்போதே அந்த அக்கா என் பென்டிரைவை நேரா மெஷின்ல சொருகி இருபதையும் அடிச்சுட்டாங்க சார், ஆமா, இந்த மாதிரி எல்லாரும் கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டா, எங்க டாக்டர் யாருக்குக் கண்ணாடி எழுதுவாரு?"